நாகையாவின் மட்டக்கோல்

என் தங்கை தங்கமணியின் வீட்டுக்காரர் நாகையாவை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் பார்க்கிறவர்கள், இந்த மனிதர் வருஷம் முழுக்க ஓட்டுப் போடுகிறாரோ என்று நினைப்பார்கள். விரல் நுனியெல்லாம் நீல மை. எந்த சோப்புக்கும் போகாது.

அவர் வேலை அப்படி. இரும்பு கடைகிற லேத் மிஷினில் உளியைச் சுமக்கிற வண்டி ஓர் இரும்புத் தடத்தின் மேல் வழுக்கிப் போகும். பல வருஷ ஓட்டத்தில் தடம் தேய்ந்துவிடும். மாப்பிள்ளை, மேடுபள்ளம் பார்க்கிற தன் மட்டக்கோலின் அடியில் நீல மை தடவி, தடத்தின் மேல் வைத்து இழுப்பார். எங்கே மேடோ அங்கே நீலம் ஒட்டும். அந்த இடத்தைக் கையுளியால் சுரண்டுவார். மறுபடி மை, மறுபடி சுரண்டல். தடம் முழுக்க நீலப் புள்ளி சீராக விழும்வரை விடமாட்டார். செந்தூல் ரயில்வே பட்டறையில் பழகிய கை.

அந்த மட்டக்கோல் ஆளின் பாதி நீளம் இருக்கும், வார்ப்பிரும்பு. வேன் என்னுடையது, ஓட்டுகிறவன் நான், ஆனாலும் கோலை என்னைத் தொடவிட மாட்டார். தங்கமணியை அவ்வளவு பதமாகக் கைபிடித்து வேனில் ஏற்றி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் கிள்ளானில் ஒரு பட்டறைக்கு வேலை செய்தார். எண்ணெய்ப்பனை ஆலை மிஷின்களுக்கு இரும்புத் தண்டு கடைந்து கொடுக்கிற இடம். வேலை முடிந்து கொஞ்ச நாளில் பட்டறை முதலாளி தவுக்கே கூப்பிட்டார். கடைகிற தண்டெல்லாம் நடுவில் பருத்து வருகிறதாம். போனோம். லேத் ஓட்டுகிற ஜீவன், "அங்கிள், தடத்துலதான் ஏதோ இருக்கு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. கோலை எடுத்து மை தடவி இழுத்துக் காட்டினார். நீலம் சீராக விழுந்தது. பட்டறையே சுற்றி நிற்க, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தடம் சுத்தமா இருக்குப்பா, உன் கைதான் கோணல்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அந்த மாதமே ஜீவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இந்த வருஷம் ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டது. அங்கே மட்டம் பார்ப்பதற்கென்றே ஒரு கருங்கல் பலகை வைத்திருக்கிறார்கள். பொறுப்பாளர் சஃப்வான், "அண்ணே, வெளியிலேர்ந்து வர்ற எல்லாத்தையும் இதுல ஒரு தடவ வச்சுப் பார்ப்போம். ரூல் லா" என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே பலகையில் மை தடவி, கோலை வைத்து இழுத்தார்.

கோலின் நடுவில் மட்டும் நீலம். இரண்டு பக்கமும் வெறும் இரும்பு.

துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். அதேதான். முதுகுப்பக்கப் பெயின்ட்டைச் சுரண்டினால் மயிரிழை போல ஒரு விரிசல். கிள்ளான் வேலைக்குக் கொஞ்சம் முன்னால்தான் கோல் அவர் கையிலிருந்து நழுவி சிமெண்டுப் படியில் விழுந்திருந்தது. துடைத்துத் துணியில் சுற்றி வைத்தாரே தவிர, சோதித்துப் பார்க்கவில்லை. கோலைச் சந்தேகப்படுவதே பாவம் என்று நினைக்கிற ஆள். கோணிய கோலால் சுரண்டிய தடத்தை அதே கோலால் சோதித்தால் நீலம் சீராகத்தானே விழும்? திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

வேனில் ஏறியதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "அந்தப் பையன் சொன்னதுதான் மச்சான் சரி."

சரி என்று தெரிந்தவர் என்ன செய்தார்? சஃப்வானிடம் ஒரு நல்ல கோலை இரவல் வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போய், ஃப்ரீ சர்வீஸ் என்று தவுக்கேயிடம் சொல்லிவிட்டு, தடத்தைப் புதிதாகச் சுரண்டிக் கொடுத்தார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறீங்களா மாப்ள?" என்று கேட்டேன். ஜீவனுக்குப் பிறகு வந்தவன் அரத்தால் தேய்த்துச் சமாளித்துக்கொண்டிருந்த தண்டு இப்போது சரியாக வந்தது. தவுக்கே வாயெல்லாம் பல்லாக, ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தைக் கையில் திணித்து, "நாகையா, இந்த மாதிரி நல்ல ஆள் இப்ப எங்க லா இருக்காங்க" என்றார்.

மாப்பிள்ளை வேனில் பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடி வாங்கியிருந்தால்கூட அப்படிக் குறுகியிருக்க மாட்டார். "மச்சான், காப்பாருக்கு விடுங்க" என்றார்.

காப்பாரில் ஜீவன் வீட்டு வாசலில் செக்யூரிட்டிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும், "வாங்க அங்கிள்" என்று நாற்காலி போட்டான். அந்த "வாங்க"வைக் கேட்டதும் எனக்கே தலை குனிந்தது, மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவன் அல்லவா நான். மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, குரலே எழும்பாமல், கோல் விழுந்தது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என் கோல்ல தம்பி. உன் கைல இல்ல."

ஜீவன் காய்ந்துகொண்டிருந்த சட்டையை எடுத்து மடித்தான். பிறகு, "நீங்க சொன்னதுக்கப்புறம் எனக்கே என் கை மேல நம்பிக்கை போயிருச்சு அங்கிள். வேற லேத் வேலை கிடைச்சிச்சு. பயந்துகிட்டுப் போகல" என்றான்.

"நாளைக்கே தவுக்கே முன்னால, எல்லாரையும் வச்சுச் சொல்றேன்" என்றார் மாப்பிள்ளை.

"அங்க நாளைக்குச் சொல்லலாம். இங்க கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. என் வீட்டுக்காரி வாணி அடுப்படியில இருக்கா. தொழில் தெரியாம வேலய தொலைச்சவன்னுதான் அவளும் நெனச்சிட்டிருக்கா."

நாகையா எழுந்து நின்றார். "உன் கைல தப்பில்ல தம்பி! தப்பு என்னோடது!" சத்தமாகவே சொன்னார். உள்ளே தட்டுக் கழுவுகிற சத்தம் நின்றது.

ஜீவன் அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொரு தடவ சொல்லுங்க அங்கிள்" என்றான்.