பதினஞ்சு நாளைக்கு ஒரு சொம்பு

மத்த கடையில சாமானை வித்தா அதோட சோலி முடிஞ்சது. செடிக் கடையில வித்ததுக்கு அப்புறந்தான் அது நம்ம உயிரை வாங்க ஆரம்பிக்கும். போடியில மலைக்கு ஏறுற ரோட்டோரமா எட்டு வருசமா கடை வெச்சிருக்கேன். இன்னிக்கும் யாராவது தொட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நின்னா நான் மொதல்ல பின்வாசலைத்தான் பார்ப்பேன். செடி வித்துட்டுப் பயப்படுறவங்க, செடி வாங்கிட்டுப் பயப்படுறவங்க எல்லாரும் நம்ம கூட்டந்தான். உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்ல?

ஏலத்தோட்டத்துக் கை

எங்க ஊருல பாதி வீட்டுக்கு மலையில ஏலத்தோட்டத்தோட ஏதாவது ஒரு ஒட்டு உறவு இருக்கும். ஏலச்செடி ஈரத்துலயே வளர்ந்த செல்லப் பிள்ளை. கோடையில நாலு நாள் கவனிக்காம விட்டா அந்த வருசத்துக் காய் போச்சு. அதனால இங்க எல்லாருக்கும் ஒரு கைப்பழக்கம், எந்தச் செடியைப் பார்த்தாலும் கை தானா சொம்பைத் தேடும். நானும் கல்யாணத்துக்கு முன்னாடி ஏல நாத்துக்குத் தண்ணி ஊத்தினவதான், மத்தவங்களை என்ன குறை சொல்ல?

தோட்டத்துல சூப்பர்வைசரா இருந்து ஓய்வானவர் ஒருத்தர் பாம்புச் செடி வாங்கிட்டுப் போனாரு. வீட்டுக்குள்ள வெக்கிற செடியில அது ரொம்பப் பொறுமைசாலி. பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி போதும்னு ரெண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினேன். மூணாவது வாரம் துணிப்பையோட வந்தாரு. பைக்குள்ள கையை விட்டா கொழகொழன்னு ஒட்டுது, அழுகின கத்தரிக்கா வாடை. திட்டப் போறாருன்னு பயந்து நான் உரமூட்டைக்குப் பின்னாடி நகர்ந்துட்டேன். அவரு கண்ணு கலங்கி நிக்கிறாரு. "பத்து நாள்னு நீ சொன்ன ஆத்தா, இல்லேங்கல. ஆனா தாகத்தோட ஒரு உசுரை எப்படி விடுறது? காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா ஊத்தினேன்."

வாயை விட்டேன்

எங்க தொழில்ல ஒரு வார்த்தையைச் சொல்லவே கூடாது. 'சாகாது'ங்கிற வார்த்தை. 'தாங்கும்'னு சொல்லலாம், 'பாருங்க, வரும்'னு சொல்லலாம். அந்த ஒண்ணை மட்டும் சொல்லக் கூடாது. செல்விகிட்ட நான் அதைச் சொல்லித் தொலைச்சேன்.

செல்வி ராசிங்காபுரத்துப் பொண்ணு. போடியில வாழ்க்கைப்பட்டிருக்கா. காய் பறிக்கிற காலத்துல மலைக்குப் போயி தோட்டத்து ஆளுக தங்குற லயத்து வீட்டுலயே தங்கிருவா, பதினஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான் வீட்டுக்கு எறங்குவா. புருசன் முருகேசனுக்கு ஜீப்பு ஓட்டுற வேலை. விடியக் கருக்கல்ல ஆளுகளை ஏத்திக்கிட்டு போடிமெட்டுக்குப் போயி, பொழுது சாய எறங்குவாரு. போன கோடையில இவ ஏலத்துக்குத் தண்ணி ஊத்துற வேலைக்கு மலையில இருந்தப்ப வீட்டுத் தொட்டியில இருந்த துளசி தண்ணியில்லாம பட்டுப்போச்சாம். அதே வாரம் வளைவுல ஜீப்பு வழுக்கிக் கைப்பிடிச் சுவர்ல முட்டி நின்னுச்சு. வண்டியில யாருக்கும் ஒண்ணும் ஆகல, முருகேசனுக்கு மட்டும் மணிக்கட்டு ஒடிஞ்சது. அந்த ரெண்டையும் செல்வி மனசு முடிச்சுப் போட்டுருச்சு.

"அவருகிட்ட இதைச் சொல்லல யக்கா, கேட்டாச் சிரிப்பாரு. தண்ணி ஊத்த ஆளில்லாட்டியும் பச்சையா நிக்கிற மாதிரி ஒரு செடி குடுங்க"ன்னு கேட்டா. கேக்கும்போது அவ விரல் முந்தானையை முறுக்கிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு மனசு கேக்கல. இசட் இசட்னு ஒரு செடி இருக்கு, இலையெல்லாம் எண்ணெய் தேய்ச்ச மாதிரி பளபளன்னு இருக்கும். மண்ணுக்குள்ள உருளைக்கிழங்காட்டம் கிழங்கு வெச்சு அதுல தண்ணியைச் சேர்த்துக்கிரும். அதை எடுத்துக் குடுத்து, "பதினஞ்சு நாளைக்கு ஒரு சொம்பு ஊத்து, சாகவே சாகாது"ன்னுட்டேன். சொன்ன மறு நிமிசமே நாக்கைக் கடிச்சேன். அவ தொட்டியை இடுப்புல வெச்சுக்கிட்டு நிம்மதியாச் சிரிச்சா. "அப்ப உங்களை நம்பித்தான் யக்கா நான் மலைக்கு ஏறுறேன்."

அஞ்சு இலை

அதுக்கப்புறம் எனக்குத்தான் சனி பிடிச்சது. மலையில மேகம் கூடினா வாசலுக்கு வந்து பார்ப்பேன். முருகேசன் ஜீப்பு கடையைத் தாண்டி எறங்கிருச்சான்னு பார்த்துட்டுத்தான் கடையைச் சாத்துவேன். யாரோ பெத்த பிள்ளை, யாரோ ஓட்டுற வண்டி, நான் பாட்டுக்குக் கேரண்டி குடுத்துட்டு உக்காந்திருக்கேன்!

புரட்டாசியில செல்வி தொட்டியோட வந்து நின்னா. ரெண்டு கொம்பு மஞ்சளா இருந்துச்சு. மண்ணுல விரலை விட்டா களிமண்ணு மாதிரி சொதசொதன்னு இருக்கு. "எத்தனை தடவை ஊத்தின?"ன்னேன். ஒரே ஒரு சொம்பு, அதுவும் மலைக்குக் கெளம்புற அன்னிக்கு மட்டும்னு சத்தியம் பண்றா. வீட்டுல முருகேசனைத் தவிர வேற ஆளில்ல. அவரும் தண்ணி ஊத்த மாட்டாரு, 'பரமுக்கா ஊத்தக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க'ன்னு என் பேரைச் சொல்லி அவருகிட்ட அடிச்சுச் சொல்லி வெச்சிருக்காளாம். கிழங்கைத் தொட்டுப் பார்த்தேன், பாதி போயிருந்துச்சு. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அவ முகத்தைப் பார்த்துட்டு மூடிக்கிட்டேன். "பழுத்த இலை, தானா உதிரும். விட்டுட்டுப் போ, நாளைக்கு வந்து வாங்கிக்க"ன்னேன். அவ தலை மறைஞ்சதும் கடையில இருந்த இன்னொரு செடியைத் தூக்கி அவ தொட்டியிலயே நட்டுட்டேன். அவசரத்துல பாதி மண்ணு வெளியதான் விழுந்துச்சு. மறுநாள் செல்வி வந்து தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஏன் யக்கா, ஒரே நாள்ல அஞ்சு இலை கூடுமா?"

போடிமெட்டுல கல்லு விழுந்த அன்னிக்கு

ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. ஒரு நாள் காலையில, மேல ரோட்டுல கல்லு சரிஞ்சு வண்டியெல்லாம் நிக்குதுன்னு பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து பேச்சு வந்துச்சு. அந்த வாரம் செல்வி கீழே இருந்தா. முருகேசன் மேல. போனு போட்டா மணியே அடிக்கல. பத்து மணி வாக்குல குடைகூட இல்லாம நனைஞ்சுக்கிட்டு வந்தா, மார்போட தொட்டி. "யக்கா, சும்மா தொட்டேன், கையோட வந்திருச்சு"ன்னு ஒரு கொம்பை நீட்டுறா. அடியில கறுத்து அழுகியிருக்கு.

நான் அந்தக் கொம்பை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். எந்தச் சாமியைக் கூப்பிடுறதுன்னு தெரியல. அவ கண்ணுல தெரிஞ்ச பீதியைப் பார்த்ததும் பொய் சொல்லத் தெம்பு இல்லாம உண்மை கொட்டிருச்சு. "ஏ ஆத்தா, கேளு. இது நான் மொதல்ல குடுத்த செடியே இல்ல. அது போன மாசமே செத்துப்போச்சு. நாந்தான் உனக்குத் தெரியாம மாத்தி வெச்சேன். அது செத்து ஒரு மாசமா உம்புருசன் தெனம் மலை ஏறி எறங்கிக்கிட்டுத்தான இருக்காரு? இதுக்கும் அதுக்கும் ஒண்ணுமில்லடி!"

அவளைத் தேத்தத்தான் சொன்னேன், சொல்லும்போது என் பல்லு தந்தியடிக்குது. செல்வி என்னையே பார்த்தா. அடிச்சிருவாளோன்னு நெனச்சேன். அவ முக்காலியை இழுத்துப் போட்டு ரோட்டைப் பார்த்து உக்காந்தா. "நீங்க ஏமாத்துனதுக்காக அப்புறமாக் கோவிச்சுக்கிறேன் யக்கா. மொதல்ல அவரு வரட்டும்."

சேத்தோட வந்த ஜீப்பு

ரெண்டு பேரும் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தோம். எறங்கி வர்ற ஒவ்வொரு ஜீப்புக்கும் எந்திரிப்போம், மறுபடி உக்காருவோம். மூணு மணிக்கு மேல, பம்பர் வரைக்கும் சேறு அப்பின ஒரு ஜீப்பு கடை முன்னாடி நின்னுச்சு. முருகேசன்! கல்லைத் தள்ளி வழி விட நேரமாகிருச்சாம், வேற ஒண்ணுமில்லையாம். செல்வி ஓடிப்போயி அவரு தோள்ல ரெண்டு சாத்து சாத்திட்டு அழுதா. நானும் அழுதேன், எனக்கு என்ன உரிமைன்னு தெரியல.

முருகேசன் சிரிச்சுக்கிட்டேதான் கடைக்குள்ள வந்தாரு. தொட்டியைப் பார்த்தாரு. சிரிப்பு அப்படியே நின்னுருச்சு, மனுசன் முகம் வெளுத்துப்போச்சு. மலையில கல்லு விழுந்ததுக்குக்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. "செத்துருச்சா? தெனம் வண்டி எடுக்க முன்னாடி ஒரு சொம்பு ஊத்திட்டுத்தானே போனேன்!" துளசி பட்டுப்போன வாரம் அவரு மனசுலயும் முடிச்சாத்தான் கெடந்திருக்கு. செல்விகிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டேன். கழுத்தைத் தடவிக்கிட்டே சொன்னாரு, "சொன்னா இவ சிரிப்பா யக்கா."

செல்வி சிரிக்கல. நானும் சிரிக்கல. உள்ள போயி ஒரு பாம்புச் செடியைக் கொண்டாந்து அவரு கையில குடுத்தேன், கூடவே பழைய வேட்டியில கிழிச்ச ஒரு துணி. "இதுக்குத் தண்ணி உங்க சோலி இல்ல, பதினஞ்சு நாளைக்கு ஒரு சொம்பு செல்வி ஊத்துவா. நீங்க தெனம் வண்டி எடுக்க முன்னாடி இந்தத் துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு இலையில தூசியைத் துடைங்க. போதும்"னேன். 'சாகாது'ன்னு மட்டும் இந்தத் தடவை சொல்லல. முருகேசன் துணியை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஜீப்பு வரைக்கும் போயி, திரும்பி வந்தாரு. "மழை ரொம்பப் பேஞ்சா ரெண்டு தடவை துடைக்கலாமா யக்கா?"

அன்னியிலருந்து தண்ணி கொறைவாக் கேக்குற செடி எதை வித்தாலும் ஒரு துணியும் சேர்த்தே குடுக்குறேன், ஏன்னா செடி தாகத்தைப் பொறுத்துக்கிரும், அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கிற நம்ம பயத்துக்குத்தான் தெனம் ஏதாவது ஒரு சோலி குடுக்க வேண்டியிருக்கு.