தமிழ் கேட்டால் ஆங்கிலம் வரும்

மதியம் கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில், காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டபடி ஒரு அக்கா. போனை என்னிடம் நீட்டினார்.

"இதுல இன்னா போட்டிருக்குன்னு பாரும்மா. எப்பவும் தமிழ்லதான் வரும். இன்னிக்கி டோக்கன் நம்பர் மட்டும் புரிஞ்சிது, புள்ளைய தூக்கிக்கினு மலையிலேர்ந்து எறங்கி வந்துட்டேன். டாக்டர் இல்லையாம். கேட்டா, போன்லயே போட்டிருக்கோமேன்றாங்க."

போட்டுத்தான் இருந்தது, ஆங்கிலத்தில். 'டாக்டர் இன்று விடுமுறை.'

அது எங்கள் கம்பெனி பராமரிக்கும் ஆஸ்பத்திரி இணையதளம்.

தமிழில் வேண்டுமா, ஆங்கிலத்தில் வேண்டுமா என்பதை போன் ஹெடர் என்ற சின்னக் குறிப்பில் எழுதி அனுப்பும். போனுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் ப்ராக்ஸி சர்வரில், வெளியே வாங்கிய ஃபில்டர் மென்பொருள் ஒன்று ஓடுகிறது. அது எந்தெந்த ஹெடரை மாற்றலாம் என்று விதி எழுதியவள் நான். மொழி ஹெடரில் கைவைக்கக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது.

நேற்று டெமோவில் ஃபில்டர் அந்த விதியில் சிக்கித் திணறியதும், மேனேஜர் விதியையே தூக்கிவிட்டார். வேண்டாம் என்று சண்டை போட்டேன். "டெம்பரரிதாம்மா" என்றார். அப்போதிலிருந்து ஃபில்டர் எல்லாருடைய மொழியையும் ஆங்கிலமாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

பஸ்ஸிலிருந்தே அவருக்கு போன் போட்டேன்.

"ஒரு கம்ப்ளெயின்ட்கூட வரலையேம்மா. இன்னா அவசரம்?"

அக்காவின் போனிலேயே புகார் பக்கத்தைத் திறந்தேன். அதுவும் ஆங்கிலத்தில்தான் வந்தது.

ஆகவே மக்களே, எங்கள் தளத்தைத் திட்ட விரும்புகிறவர்கள் தயவுசெய்து ஆங்கிலத்தில் திட்டவும். தமிழில் திட்ட வேண்டுமென்றால் இந்தப் பதிவின் கமென்ட் பகுதி திறந்தே இருக்கிறது.