சாமி அறையில் வைத்த ஊசி மருந்து

என் கணவருக்கு ரோஷம் அதிகம். கல்யாணமான புதிதில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என் சிறுநீரகம் பழுதான பிறகு உடம்பில் இரத்தமே ஊறவில்லை. இரத்தம் உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்புவது சிறுநீரகம்தானாம். என்னுடையது அந்த வேலையை விட்டுவிட்டது. அதற்குப் பதிலாகத்தான் வாரம் ஒரு ஊசி. மருந்தைக் கண்டி கிளினிக்கில் வாங்கி வந்து, எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி பிரிட்ஜில் வைத்திருந்தோம். ஊசி தொடங்குமுன் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து லயத்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு மூன்று தரம் உட்கார்ந்துவிடுவேன். சில மாதங்களில் மறுபடி மலையேறிக் கொழுந்து எடுத்தேன். லயமே வாயைப் பிளந்தது.

அதுவே வினையானது. என் கணவர் ஓட்டக்காரர். பொங்கலை ஒட்டி, பாக்டரியிலிருந்து உச்சிக் கோயில் வரை தோட்டத்தில் நடக்கும் ஓட்டத்தில் அவரை முந்த ஆளில்லை. அந்த வருடம் யாரோ பத்திரிகையில் படித்துவிட்டு, வெளிநாட்டுச் சைக்கிள் வீரர்கள் இதே மருந்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பிடிபட்டார்கள் என்று சொல்ல, போதாதா? அண்ணனுக்கு என்ன கவலை, மருந்து அண்ணி பேரில் வருகிறதே என்று கேலி. டிஸ்பென்சரியில் உதவிக்கு இருந்தவன் என் தம்பி என்பதால் கேலிக்குக் காலும் முளைத்தது.

போதுமான இரத்தம் இருப்பவர் இதைப் போட்டால் இரத்தம் கூழாகிவிடும், நெஞ்சே நின்றுபோகலாம் என்று டிஸ்பென்சரி டாக்டரய்யா முன்பே சொல்லியிருந்தார். கேலி செய்தவர்களுக்கு அதெல்லாம் எங்கே ஏறும்? டாக்டரய்யா பொங்கல் லீவில் போன சமயம் பார்த்து, என் கணவர் ரோஷத்தில் மருந்துப் பெட்டியை எடுத்துப் போய் எல்லோர் முன்னிலையிலும் கோயில் தலைவர் கையில் கொடுத்துவிட்டார். ஓட்டம் முடியும் வரை உங்கள் பொறுப்பு என்றாராம். தலைவர் வீட்டில் பிரிட்ஜ் இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் நானும் பேசாமல் இருந்தேன்.

ஓட்டத்தன்று காலை டாக்டரய்யா வந்துவிட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் ஊசி. தலைவர் பெட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மேலே குங்குமப் பொட்டு. ஊரறிய நம்பிக் கொடுத்த பொருளை மீனும் கோழியும் கிடக்கிற பிரிட்ஜில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அணையாவிளக்குப் பக்கத்தில், சாமி அறையில், ஒரு வாரம் பத்திரமாக வைத்திருக்கிறார். டாக்டரய்யா தொட்டுப் பார்த்துவிட்டு, சூட்டில் கெட்டுவிட்டது, இதைப் போட முடியாது என்றார். தலைவர் முகத்தைப் பார்த்து எனக்குத் திட்டவும் வாய் வரவில்லை. அவ்வளவு பாவமாக நின்றார்.

முன்பு ஒருமுறை ஊசி தள்ளிப்போய் நான் படியில் மயங்கி விழுந்ததை இவர் மறக்கவில்லை. அன்று சனிக்கிழமை, கண்டி கிளினிக் மருந்துக்கடை மத்தியானத்தோடு மூடிவிடும். ஓட்டத்துக்கு ஆள்கள் கூடிவிட்டார்கள், ஓடிவிட்டுப் போங்கள், ஒரு வாரம் தாங்குவேன் என்றேன். கேட்டால்தானே.

"நீ மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்க, நான் ஓடி யாருகிட்ட காட்டப்போறேன்?" என்றார்.

நெஞ்சில் குத்திய நம்பரோடு, அரைக் காற்சட்டையோடு, அப்படியே கண்டிக்குப் போக அட்டன் பஸ்ஸில் ஏறிவிட்டார். ரோஷக்காரர் போட்டியை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு அழுகை முட்டியது. பத்து மணிக்கு வெடி போட்டார்கள். கோயில் பக்கம் மேளம் கேட்டது. வேறு யாரோ ஜெயித்தார்கள். யாரென்று நான் கேட்கவே இல்லை.

பொழுது சாயும் நேரம் டிஸ்பென்சரி வாசலில் நின்றிருந்தேன். கீழே ரோட்டில் பஸ் நின்றது. ரோட்டைச் சுற்றி வராமல், தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஒருவர் ஏறி வந்தார். ஐஸ் போட்ட பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். மலையில் வேறு ஒருவரும் இல்லை. அவர் ஓடி அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை.

டாக்டரய்யா எனக்கு ஊசி போடும்வரை இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூச்சு வாங்குதா புள்ள?" என்றார்.

"எனக்கில்லங்க," என்றேன். "ஒங்களுக்குத்தான் வாங்குது. ஒக்காருங்க."