நாலு மணிக்கு யார் கதவைத் திறப்பது?

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் படிக்கிறவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு இது மனப்பாடம்.

அஞ்சாம் கிளாஸோடு படிப்பு முடிந்தது. திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களின் பெட்டியைத் தலையில் சுமந்தேன். பிறகு ஒரு சத்திரத்தில் பாய் விரித்தேன், பாய் சுருட்டினேன். பிறகு ஒரே ஒரு ரூமை வாடகைக்குப் பிடித்து, அதை யாத்திரை வந்தவர்களுக்கு விட்டேன். இன்று செங்கம் ரோட்டில் முப்பத்திரண்டு ரூம் லாட்ஜ். லிஃப்ட் உண்டு. ரூமுக்கு ரூம் வெந்நீர் உண்டு. அந்தக் காலத்தில் 'என்ன படிச்சிருக்கீங்க?' என்று கேட்டு என்னைத் திருப்பி அனுப்பினார் ஒரு பேங்க் மேனேஜர். இப்போது பௌர்ணமிக்கு அவர் வீட்டு ஆட்கள் வந்தால் என்னிடம்தான் ரூம் கேட்கிறார்கள். கொடுப்பேன்... லிஃப்ட் பக்கத்து ரூம்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிதாக ஒன்று கட்டியிருக்கிறேன். அதில் செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை. ஒரே ஒரு பேப்பர். டியூட்டி டைம் டேபிள்!

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

போன வியாழக்கிழமை வேங்கிக்காலில் ஒரு கூட்டம். சிறுவர்கள் தப்பு வழிக்குப் போவதற்கு என்ன காரணம், எப்படித் தடுப்பது என்று பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். டீயும் பஜ்ஜியும் என் உபயம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் குமாரி.

மேடையில் ஒருவர் விரல் விட்டு எண்ணினார். செல்போன். சினிமா. கூடாத சகவாசம். போதை. கடைசியாக, 'பெற்றோர் கவனிக்காதது' என்றார். குமாரி தலையைக் குனிந்துகொண்டார்.

குமாரி என் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்யும் பெண்களுக்குத் தலைவி. பதினோரு வருஷ சர்வீஸ். கணவர் லாரி டிரைவர். மாசத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் ஜாஸ்தி. ஒரே பையன். அவர் ஏன் தலை குனிந்தார் என்று தெரிய வேண்டுமானால் ஒன்றரை வருஷம் பின்னால் போக வேண்டும்.

அப்போது லாட்ஜில் ஒரு விநோதமான புகார் வந்துகொண்டிருந்தது. பைக்கில் வருகிற கெஸ்டுகள் காலையில் வண்டியை எடுத்தால், பெட்ரோல் முள் இறங்கியிருக்கும். என் மேனேஜர் பெருமாளிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். "வண்டி மைலேஜ் குடுக்கலன்னா நாங்க என்னா சார் பண்றது?" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். லாட்ஜுக்கு ஒரு போன்.

"உங்க பார்க்கிங் டோக்கன் மாட்டின பைக் ஒண்ணு என் இளநி மேல படுத்துக்கினு இருக்குது. வந்து எடுத்துக்கினு போறீங்களா, இல்ல அதையும் சீவி வித்துடட்டுமா?"

கிரிவலப் பாதைக்கு ஓடினேன். ரோடு முழுக்க இளநீர் உருண்டு கிடந்தது. இளநீர்க்காரருக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. சென்னை கெஸ்ட் ஒருவரின் பைக், ஹேண்டில் திரும்பிக் கிடந்தது. ஓட்டியது மூன்று பையன்களாம். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். ஒருவன் மட்டும் ஸ்கூல் யூனிஃபார்மில் அங்கேயே நின்று, உருண்ட இளநீரைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான்.

குமாரியின் மகன். ஒன்பதாம் கிளாஸ்.

அவன் பெயரை எழுத மாட்டேன். எழுதக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். சட்டம் இல்லாவிட்டாலும் எழுத மாட்டேன்.

கெஸ்டுகளின் பைக் சாவி ரிசப்ஷனில் எந்த ஆணியில் தொங்கும் என்று அவனுக்குத் தெரியும். வேலைக்காரம்மா பிள்ளை என்று யாரும் தடுக்கவும் மாட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பது வருஷம் சேர்த்த பெயர்! நேராகப் போய் போலீஸில் புகார் கொடுக்கக் கிளம்பினேன். குமாரி வாசலில் வந்து நின்றார்.

"மொதலாளி, என்னை வேலைய விட்டு நிறுத்திடுங்க. அவன் மேல மட்டும் எழுதிக் குடுக்காதீங்க."

நான் கேட்டேனா? இல்லை. "பிள்ளைய வளக்கத் தெரியலன்னா..." என்று ஆரம்பித்து ஒரு வார்த்தை சொன்னேன். மீதியை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

புகாரையும் கொடுத்துவிட்டேன். சிறுவர்கள் விவகாரம் கோர்ட்டுக்குப் போகாது, சிறார் நீதிக் குழுமம் என்ற தனிக் குழுமத்துக்குப் போகும். அதற்கு முன்னால் நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் விசாரித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். சின்ன வயசுப் பெண். அவர் ஆபீஸுக்கு எங்கள் மூன்று பேரையும் வரச் சொன்னார். அங்கிருந்தே பையனை வெளியூர் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரோ குமாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு துணிப்பையில் அவனுக்கு இரண்டு செட் துணியும் ஒரு துண்டும் மடித்து வைத்து, அந்தப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பையனைக் கேட்டார்.

"ஸ்கூல் எத்தனை மணிக்கு விடறாங்க தம்பி?"

"நாலே கால் மேடம்."

"வீட்ல யாரு இருப்பாங்க?"

"யாரும் இல்ல மேடம்."

"அப்ப என்ன பண்ணுவே?"

"மலையச் சுத்துவோம்."

"சாமி கும்பிட்டுக்கிட்டா?"

"இல்ல மேடம்... பைக்ல ஒரு சுத்து வந்தா அரை மணி போயிடும். ரெண்டு சுத்துன்னா ஒரு மணி. அப்புறம் அம்மா வர்றதுக்குக் கம்மியாத்தான் இருக்கும்."

மேடம் அதை ஃபாரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு குமாரி பக்கம் திரும்பினார்.

"நீங்க எத்தனை மணிக்கும்மா வீட்டுக்கு வருவீங்க?"

"ஒம்போதரை ஆயிடும் மேடம். மத்தியானம் ஒண்ணுலேர்ந்து நைட்டு ஒம்போது வரைக்கும் டியூட்டி."

"யாரு இந்த டைம் போட்டது?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னைப் பற்றித் தெரிந்தவர்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்கள்.

"நான்தான் மேடம்!" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான். "இந்த ஊர்ல எந்த லாட்ஜ்லயும் இல்லாத சலுகை. பிள்ளைங்க இருக்கறவங்க காலைல சமைச்சு, பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, நிதானமா ஒரு மணிக்கு வரட்டும்னு நானே யோசிச்சுப் போட்டது. யாரும் ஐடியா குடுக்கல!"

"அப்போ அந்த டைம்ல வேலை செய்யறவங்க எல்லாருமே ஸ்கூல் பிள்ளைங்களோட அம்மாங்களா?"

"ஆமா மேடம். நாலு பேரும்!"

"ஓடிப்போன ரெண்டு பசங்க?"

குமாரி மெதுவாகச் சொன்னார். "அவங்க அம்மாங்களும் எங்க கூடத்தான் மேடம் வேலை செய்யறாங்க."

மேடம் எழுதிக்கொண்டே இருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தப்பித்திருப்பேன். சொல்லாததால் மாட்டிக்கொண்டேன். எனக்குப் படிப்புதான் இல்லை, மனக்கணக்கு நன்றாக வரும். நாலே கால் முதல் ஒன்பதரை வரை... அஞ்சே கால் மணி நேரம். வாரத்தில் ஆறு நாள். நாலு வீடு பூட்டு.

பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்றேனே... வளர்க்கிற நேரத்தில் எல்லாம் அந்த அம்மா எங்கே இருந்தார்? என் லாட்ஜில், என் பெட்ஷீட்டை மாற்றிக்கொண்டு!

நல்லது செய்கிறேன் என்று நினைத்துத்தான் அந்த டைமைப் போட்டேன். காலையில் அம்மாவை வீட்டில் விட்டேன். ஆனால் காலையில் பிள்ளை வீட்டில் எங்கே இருக்கிறான்? குளிக்கிறான், சாப்பிடுகிறான், ஓடுகிறான். இதை அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"மேடம், நாளையிலேர்ந்து டைம் மாறுது. அதையும் ரிப்போர்ட்ல எழுதிக்குங்க" என்றேன்.

"நாளைக்கேவா சார்?"

"முப்பத்திரண்டு ரூம் கட்டினவன் மேடம். ஒரு பேப்பர மாத்த எத்தனை நாள் ஆகும்?"

சொல்லிவிட்டு வந்தேன். பெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டார். "மொதலாளி, ரூம் காலியாகறதே பன்னெண்டு மணிக்கு. நாலு மணிக்குள்ள அத்தனையும் கிளீன் பண்ணணுமா? வாய்ப்பே இல்ல."

"காலி பண்ற டைம பத்துன்னு மாத்து."

"கெஸ்டு சண்டைக்கு வருவாங்க."

"வரட்டும். சாயங்காலம் கெஸ்டு வர்ற ரூமுக்கு ரூம் பாய்ங்க பெட்ஷீட் மாத்தட்டும்."

ரூம் பாய் என்று பெயர்தான். எல்லாம் கல்யாண வயசு ஆட்கள். மூன்று பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். "பெட்ஷீட் விரிக்கிறது பொம்பளைங்க வேலை மொதலாளி. வெளிய தெரிஞ்சா எங்களுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாங்க."

அஞ்சாம் நம்பர் ரூமுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வயசு அறுபத்தெட்டு. பெட்ஷீட்டின் இரண்டு முனையைப் பிடித்து ஒரே வீச்சு. நாலு மூலையும் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை. சத்திரத்துக் கை, மறக்குமா?

"இத ஆம்பளதான்டா விரிச்சான். இப்பிடி விரிச்சு விரிச்சுத்தான் இந்த லாட்ஜையே கட்டினான். எவனுக்கு முடியும், வாங்க பாக்கலாம்!"

மூன்று பேருக்கும் ஒரு வாரம் ஆயிற்று அந்த வீச்சு வர. அதில் ஒருவருக்குப் போன தை மாசம் கல்யாணமும் ஆகிவிட்டது. பெண் கொடுத்தார்கள் பாருங்கள்!

பத்து மணி காலி என்றதும் சில கெஸ்டுகள் கோபித்துக்கொண்டு எதிர் லாட்ஜுக்குப் போனார்கள். இரண்டு மாசம் கொஞ்சம் அடிதான். பிறகு அவர்களே திரும்பி வந்தார்கள். பௌர்ணமிக்கு மட்டும் கீழ்பென்னாத்தூரிலிருந்து கூடுதல் ஆட்கள் பஸ்ஸில் வருகிறார்கள். ஊரே நிரம்பி வழிந்தாலும் நாலு அம்மாக்களும் நாலு மணிக்குள் வீட்டில்.

குழுமத்தில் என்ன ஆயிற்று? பையன் அம்மாவோடு இருக்கட்டும், ஒரு வருஷம் கண்காணிப்பு என்று சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இளநீர்க்காரருக்கு உதவ வேண்டும் என்றும் சொன்னார்கள். குமாரி அங்கேயும் கொண்டுவந்திருந்த அந்தத் துணிப்பையைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அதை நான் பார்த்தேன். லாட்ஜ் திறப்பு விழாவில்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அந்த ஒரு வருஷம் போன மாசத்தோடு முடிந்தது. விவகாரம் முடிந்தது என்று பேப்பர் வந்துவிட்டது. பையன் இப்போது பிளஸ் ஒன். மற்ற இரண்டு பேரும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்கள். பெட்ரோல் முள் இறங்குவதே இல்லை. பெருமாளுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் வாய் அரிக்கிறது.

குமாரி ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். "'ஏம்மா, உனக்கு லாட்ஜே இல்லியா? எப்பப் பாத்தாலும் வீட்லயே இருக்கிறியே'ன்னு சலிச்சுக்கறான் மொதலாளி!"

இதைவிட ஒரு சர்டிபிகேட் வேண்டுமா எனக்கு?

எதிர் லாட்ஜ்காரரும் இப்போது நாலு மணி டியூட்டி போட்டிருக்கிறார். எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், "எனக்கே தோணுச்சுங்க" என்கிறார். தோணுமாம்!

செல்போனைப் பிடுங்குங்கள், சினிமாவைத் திட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடை வைத்திருப்பவர்களே, கம்பெனி நடத்துகிறவர்களே... உங்களிடம் வேலை செய்கிறவர்கள் வீட்டில் நாலு மணிக்கு யார் கதவைத் திறக்கிறார்கள்? தெரியாதா? என்னை மாதிரி அலுவலர் ஆபீஸில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளாதீர்கள். இன்றைக்கே கேளுங்கள்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். கடைசியில் நன்றி சொன்னார்கள். மைக் செட்டுக்கு நன்றி. பேனருக்கு நன்றி. 'டீ, பஜ்ஜி வழங்கிய நல்ல உள்ளத்துக்கு' நன்றி. அவ்வளவுதான்!

"பாத்தியா குமாரி? என் பேரச் சொல்லவே இல்ல."

குமாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கணும் மொதலாளி. ஆனா எந்த லிஸ்ட்ல சொல்லணும்? காரணத்துலயா, தடுப்புலயா?"

பதினோரு வருஷத்தில் என்னை அவர் கேட்ட முதல் கேள்வி. மூன்று நாள் யோசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கூட்டம் நடத்தியவர்களே, அடுத்த பேனரில் காரணங்கள் பட்டியலில் 'பெற்றோர் கவனிக்காதது' என்று போடுவதற்கு முன்னால் என் பெயரைப் போடுங்கள். தடுப்புப் பட்டியலிலும் முதல் பெயர் என்னுடையதுதான். இரண்டிலும் இனிஷியலோடு, பெரிய எழுத்தில். ஒன்றை விட்டாலும் பஜ்ஜி கிடையாது!