வெயிட்டே இல்லாத நாற்காலி

எங்கள் வீட்டு முன்சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. போன மாதம் வரை அதில் ஒரு மடக்கு நாற்காலி தொங்கியது. இரும்புக் குழாயை வளைத்துச் செய்தது. பக்கவாட்டில் பார்த்தால் பெருக்கல் குறி போலக் குறுக்காகப் போகும் இரண்டு வளைவுகள், அவை சேருமிடத்தில் பக்கத்துக்கு ஒரு ரிவிட், உட்காரவும் சாயவும் கித்தான் துணி, அவ்வளவுதான். மடக்கினால் நான்கு விரல் கனத்துக்கு ஒடுங்கிவிடும். சேலத்தில் இரும்புச் சாமான் பட்டறையில் வரைபடம் போடும் வேலைக்குப் போன பிறகுதான் அதன் அருமை எனக்குப் புரிந்தது. கால் தனி, முதுகு தனி என்று கிடையாது. கீழே காலாக நிற்கும் அதே குழாய்தான் வளைந்து மேலே போய் முதுகாகிறது. உள்ளே வெறும் காற்று, ஆனாலும் ஆளைத் தாங்கும். இதை யோசித்தவன் கெட்டிக்காரன். நாற்காலியை எனக்குப் பிடிக்கும். அதில் உட்கார்ந்தவரைத்தான் பிடிக்காது.

அவர் மலைக்குக் கீழேயிருந்து பயிர்க்கணக்கு எடுக்க வந்த அதிகாரி. எங்கள் வீடுகளில் பாயிலும் உட்கார மாட்டார், கயிற்றுக் கட்டிலிலும் உட்கார மாட்டார். சொந்த நாற்காலியோடுதான் வருவார். எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்ததுதான் ஒரு நாடு. பஸ் நிற்கும் மேட்டிலிருந்து திண்ணனூர் நாட்டுக் குக்கிராமங்களுக்கு ஒற்றையடிப் பாதைதான். அதில் நாற்காலியைத் தலையில் சுமந்து முன்னால் நடந்தவர் என் அப்பா. பள்ளிக்கூடத்துக்கு எனக்கும் அதே பாதை. அப்பா துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைக்கப் போனால், "வேண்டாம்ப்பா, துண்டு வழுக்கும், சேர் விழுந்துடும்" என்பார் அதிகாரி. வழியில் கீழே இறக்கவும் கூடாது, பாலிஷ் போய்விடுமாம். ஏற்றத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், கையை வீசிக்கொண்டு பின்னால் வருகிறவர் சிரிப்பார். "என்னப்பா இது, வெயிட்டே இல்லாத சேருக்கா இப்படி?"

வெயிட் இல்லைதான். கையில் தூக்கிப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். தலையில் வைத்து ஏறினால் தெரியும். பலகை என்றால் பாரம் பரவி உட்காரும். குழாய் ஒரே கோடாக அழுத்தும். அப்பாவின் உச்சியில் அந்தக் கோட்டில் முடி முளைக்காமலே போயிற்று. அதிகாரி ஒரு நாள்கூட அவரை அதில் உட்காரச் சொன்னதில்லை. கித்தான் கிழிந்த பிறகு, மாற்றலாகிப் போகும்போது, எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார். அப்பா ஆணியில் மாட்டினார், உட்காரவில்லை. புதுக் கித்தான் தைத்துப் போட்டவள் நான். நான் எதையும் மறக்கவில்லை, மறக்க விரும்பவும் இல்லை.

போன மாதம் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தபோது அந்த அதிகாரி வந்தார். ஓய்வு பெற்று, உடம்பு பெருத்து, தலை வழுக்கையாகி. காரை மேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்திருந்தார். மகன் கோயம்புத்தூரில் வீடு கட்டியிருக்கிறானாம், இந்த மாதிரிப் பழைய குழாய் நாற்காலிக்கு இப்போது ஏக மவுசாம். "அந்தக் காலத்து வளைவு இப்ப எவனுக்கு வருது!" என்று ஆணியில் தொங்கியதைத் தடவித் தடவிப் பார்த்தார். முற்றத்தில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து கைகட்டி நின்றார்.

"என்ன விலை வேணாலும் சொல்லும்மா" என்றார்.

"விலையெல்லாம் வேண்டாமுங்க. நீங்களே தலையில வெச்சு மேடு வரைக்கும் கொண்டு போயிருங்க. வழியில எறக்கக் கூடாதுங்க, பாலிஷ் போயிரும். எறக்கிட்டா சேரு எங்களுது."

சிரித்தார். "அவ்வளவுதானா? வெயிட்டே இல்லையேம்மா!"

அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

இந்த முறை கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தவள் நான். முதல் திருப்பம் வரை பேசிக்கொண்டே போனார். வழியிலிருந்த பலா மரத்தைத் தாண்டியதும் பேச்சு நின்றது. நாற்காலியை இந்தப் பக்கம் நகர்த்தினார், அந்தப் பக்கம் நகர்த்தினார், இரண்டு கையாலும் தாங்கினார். கடைசியில், "ஏதாவது துண்டு இருந்தா குடும்மா" என்றார்.

"துண்டு வழுக்குமுங்க" என்றேன்.

நின்று திரும்பி என்னைப் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. இறக்கி வைத்திருக்கலாம், ஆசை விடவில்லை. காரில் நாற்காலியை ஏற்றியபோது அவர் வழுக்கையில் குறுக்காக ஒரு கோடு சிவந்து கிடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

திரும்பி வந்தபோது அப்பா மிளகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். வயதான மனிதரை இப்படிச் செய்யலாமா என்று திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"சும்மாடு கேட்டாரா கண்ணு?"

"கேட்டாருங்கப்பா."

"குடுத்தியா?"

"இல்லீங்க."

அப்பா உச்சந்தலையை ஒரு முறை தடவிக்கொண்டார். "செரி சாமி" என்றார். பிறகு எழுந்து போய், காலியாக இருந்த அந்த ஆணியில் தன் துண்டை மாட்டினார்.