எங்கள் முறையன்று கரண்ட் கட்

இந்த 'கட்' என்கிற இங்கிலீஷ் வார்த்தையை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறீர்கள் என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். செமஸ்டர் லீவில் வேறு வேலை இல்லை. காலையில் நேரமே எழுந்தால் கரண்ட் கட். அன்னூரிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காந்திபுரம் வந்து இறங்குவதற்குள் முதல் பீரியட் போயிருக்கும், அப்புறம் எதற்கு ரெண்டாவது பீரியட், அதுவும் கட். கட் அடித்துவிட்டுப் படத்துக்குப் போனால் தியேட்டர் வாசலில் தென்னை மர உயரத்துக்கு ஹீரோவின் கட் அவுட். உள்ளே போனால் நாம் எந்த சீனுக்காகப் போனோமோ அதை சென்சாரில் கட் பண்ணியிருப்பார்கள். திரும்பி வரும் வழியில் ஒப்பணக்காரத் தெருவில் அம்மாவின் ஜாக்கெட்டுக்குக் கட் பீஸ். நான் ப்ளஸ் டூ முடித்த வருடம் வீட்டுக்கு வந்தவர்கள் ஒருத்தர்கூட "சாப்பிட்டயா கண்ணு" என்று கேட்கவில்லை. "கட் ஆஃப் எத்தன கண்ணு?" என்றுதான் கேட்டார்கள். காலேஜ் சேர்ந்த ஜோரில் முடியை பாய் கட் அடித்துக்கொண்டு வந்தபோது அம்மா ஒரு நாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. அதற்கும் எங்கள் செட்டில் 'கட்' என்றுதான் பேர். ரெண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை என்றால் அவர்களுக்குள் கட்.

இதில் எதுவும் எனக்குப் பெரிய விஷயமாக இருந்ததில்லை. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆகிற வரைக்கும்.

ரெண்டு வீடும் ஒரே தோட்டத்தில்தான். நடுவில் மாட்டுக் கொட்டகை. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, கரண்ட் சர்வீஸும் ஒன்று. ஒரு நாள் எங்கள் வாழைக்குத் தண்ணீர், மறுநாள் சித்தப்பாவின் வாழைக்கு. இதற்குப் பேர் முறை. தாத்தா போனபின் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாய்ப்பேச்சிலேயே போட்டுக்கொண்ட ஏற்பாடு. எல்லாவற்றையும் யோசித்தவர்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. ஒருத்தர் முறையன்று நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போனால் அந்த நாள் யார் கணக்கு?

ஒரு சித்திரை மாதம் எங்கள் முறையன்று விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கரண்ட் கட். மறுநாள் காலை கரண்ட் நேரமே வந்துவிட்டது. அப்பா மண்வெட்டியோடு மோட்டார் ரூமுக்குப் போனார். அங்கே சித்தப்பா ஏற்கெனவே மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நான் பல் விளக்கிக்கொண்டே பின்னால் போயிருந்தேன்.

"நேத்து எங்க முறைல சொட்டுத் தண்ணி பாயலீடா. மத்தியானம் வரைக்கும் நான் உட்டுக்கறேன். அப்புறம் நீ உட்டுக்க" என்றார் அப்பா.

"அதெப்படிங்ணா? கரண்டு கட்டானதுக்கு நானுங்களா பொறுப்பு? எம்பட முறைல கட்டாயி நான் எத்தன நாள் சும்மா உக்காந்திருக்கறேன். உங்களக் கேட்டனுங்களா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"கேக்காம உட்டது எம்பட தப்புங்களா அப்ப?"

ரெண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையே. ஒருத்தர் பக்கம் தப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே கத்தி, திட்டி, சாயங்காலம் ஒன்றாகக் காபி குடித்திருப்பார்கள். அப்பா கத்தவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"சரிங்க. உங்க முறைங்க. நீங்களே பாத்துக்குங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கம் தோட்டத்தில் புகுந்த ஆட்டைக்கூட "அக்கட்டப் போங்க" என்றுதான் துரத்துவோம் என்று ஹாஸ்டலில் கிண்டல் அடிப்பார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து "வாடா போடா" என்று கூப்பிட்ட தம்பியைப் பார்த்து ஒரு அண்ணன் 'ங்க' போட்டால் அத்தோடு சரி. சித்தப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் ஸ்டார்ட்டரை அழுத்தினார்.

அதன்பிறகு ரெண்டு வீட்டுக்கும் கட். முறை மட்டும் ஒழுங்காக நடந்தது. அம்மாவும் சித்தியும் துணி காயப்போடும்போது கண்ணால் பேசிக்கொண்டார்கள். எனக்கும் சித்தப்பா மகனுக்கும் எந்தக் கட்டும் இல்லை. அவன் எனக்கு அண்ணன். ஆறு வயது மூத்தவன். தினமும் என்னை மொபெட்டில் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடுவான். சண்டைக்கு மறுநாளும் அதே நேரத்துக்குக் கொட்டகைப் பக்கம் வந்து ஹாரன் அடித்தான்.

அவனுக்குக் கூடப் பிறந்த தங்கை கிடையாது. எங்கள் சாதிக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவன் சகோதரி செய்கிற சீர். மடித்துக் கொசுவி வைத்த பட்டுப் புடவையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறுமுனை அவள் கையில். மற்ற எல்லாரும் கீழே உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, அவள் மட்டும் அவன் பக்கத்தில். அவன் கல்யாணத்தில் அது நான்தான் என்று நான் பாவாடை கட்டின வயசிலேயே முடிவாகிவிட்டது. நான் ரொம்ப மாடர்ன் பார்ட்டி, இந்த மாதிரிச் சடங்குகளை எல்லாம் கேன்டீனில் உட்கார்ந்து கிழிகிழி என்று கிழிப்பேன். இதை மட்டும் கிழித்ததில்லை.

அவனுக்குப் பெண் பார்த்து முடிவானதும் ஒரு நாள் மொபெட்டை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தான்.

"ஏனம்மணி, இந்த பாய் கட் மண்டைல எங்க பூ வெப்பாங்க?"

"பசை போட்டு ஒட்டுவாங்க. நீ உன் தொப்பைய உள்ள தள்ற வழியப் பாருண்ணா."

பத்திரிகை வைக்க சித்தப்பாவும் சித்தியும் வருவார்கள், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். அப்பாவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரம் முழுக்கத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் சட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார்.

அவர்கள் வந்தார்கள். அன்றைக்கு எங்கள் முறை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாயங்காலம் முன்கூடத்தில், எங்கள் பேச்சில் ஆசாரத்தில், பல்பு எரிந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்வாசல் வழியாக மண்வெட்டியோடு ஓடினார். அவர் தலை மறைந்ததும் முன்வாசலில் சித்தப்பாவும் சித்தியும். சித்தி பட்டுப் புடவையில். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை.

அம்மா தடுமாறிப் போனாள். "வாங்க, வாங்க, உக்காருங்க. இப்பத்தான் போனாருங்க. ஓடு கண்ணு, அப்பாவக் கூட்டிட்டு வா."

வரப்பில் விழுந்தடித்து ஓடினேன். அப்பா முழங்கால் சேற்றில் நின்று மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

"அப்பா! சித்தப்பாவும் சித்தியும் பத்திரிகை கொண்டாந்திருக்கறாங்க!"

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. மண்வெட்டியைக் கீழே போடப் போனார். அப்புறம் வாய்க்காலைப் பார்த்தார். தண்ணீர் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டு வந்தால் வரப்பு உடைந்துவிடும். நிறுத்தினால் கரண்ட் திரும்ப எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

"இந்தப் பாத்தி நெறஞ்சதும் வாரேன். இல்லீன்னா அவன இங்க வரச் சொல்லு கண்ணு. அவனுக்குத் தெரியாத தோட்டமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. வார்த்தையை மட்டும் கொண்டுவந்து சேர்த்தேன்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "தோட்டத்துல தேடிப் போயிச் சொல்றதுக்கு இதென்ன எழவுச் சேதியாம்மணி?"

எங்கள் பக்கம் அப்படித்தான். தண்ணீர் கட்டுகிறவனைத் தேடி ஆள் வரப்பில் வந்தால் யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். அப்பாவுக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. சித்தப்பாவுக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை.

"நான் வாங்கி வெச்சுக்கட்டுங்களா?" என்றாள் அம்மா.

"அண்ணன் கைல குடுக்கோணும்ங்க" என்றார் சித்தப்பா.

உட்கார்ந்திருந்தார்கள். காபி ஆடை கட்டியது. சித்தி மெதுவாக, "இன்னீம் கொஞ்ச ஊட்டுக்குப் போகோணும்ங்க, இருட்டாயிரும்" என்றாள். சித்தப்பா எழுந்தார். தட்டிலிருந்ததை எடுத்து, அப்பா வழக்கமாக உட்காருகிற பிளாஸ்டிக் சேரில் வைத்தார். போய்விட்டார்கள்.

அவர்கள் கொட்டகையைத் தாண்டுவதற்குள் அப்பா பின்வாசலில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. சட்டையை மாட்டி, ஈரக் காலோடு ஆசாரத்துக்கு வந்தார். சேரைப் பார்த்தார்.

"சேர்ல வெச்சுப்போட்டுப் போயிட்டாங்களா?"

"இத்தாச்சோடு நேரம் காத்துட்டிருந்தாங்க" என்றாள் அம்மா.

"கரண்டு வர்ற நேரமாப் பாத்துத்தான் வந்தானா?"

"அப்பா, கரண்ட் எப்ப வரும்னு ஈ.பி.காரனுக்கே தெரியாது. சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். லாஜிக்கில் என்னை அடிக்க ஆள் கிடையாது. அந்த வீட்டில் அன்றைக்கு அது ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை.

"கைல வாங்காத பத்திரிகைக்கு எப்படிப் போறது?" என்றார் அப்பா.

பஸ் ஸ்டாப்பில் அண்ணன் மொபெட்டை அணைக்காமலேயே கேட்டான். "அவிங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். நீ வருவீல்ல?"

"வராம? யாரு உனக்கு சீர் செய்யறது?"

"பொடவ எடுத்தாச்சு. மெரூன் கலரு. உனக்குப் புடிக்கலீன்னாலும் கட்டோணும்."

கல்யாணம் ஊர்க் கோவில் மண்டபத்தில். தோட்டத்திலிருந்து குழாய் ஸ்பீக்கர் சத்தம் தெளிவாகக் கேட்கும். அன்றைக்கு விடிவதற்குள் குளித்துக் கிளம்பிவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டே போவது என்று முடிவு. சண்டை வந்தால் வரட்டும். ஆனால் அப்பா வீட்டில் இல்லை. அன்றைக்கு எங்கள் முறையும் இல்லை. தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

அப்பா சித்தப்பாவின் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் முறை இன்னைக்கு" என்றார், நான் கேட்பதற்கு முன்னாலேயே. "எல்லாரும் மண்டபத்துல இருக்கறாங்க. கரண்டு வந்துருச்சு. தார் போட்ட மரம். வீணாப் போகுது பாரு."

இவ்வளவு தூரம் வந்தவர் இன்னும் அரை மைல் வர மாட்டாரா?

"அப்பா, நானும் நீங்களும் போலாம்ப்பா. இப்பவே. சேத்துக் காலோடயே வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டியிருந்த பட்டுப் பாவாடையைப் பார்த்தார். "இரு. இந்தப் பாத்தி நெறையட்டும்."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சம்மதம்தான். அவரும் வருகிறேன் என்று நினைத்துத்தான் சொன்னார். அந்தப் பாத்தி நிறைந்தது. மடையைத் திருப்பி அடுத்த பாத்திக்கு விட்டார். "இதயும் உட்டுட்டா கடைசி வரிசைக்குப் போயிரும்" என்றார். தனியாக ஓடியிருக்கலாம். அவரைக் கூட்டிக்கொண்டு போய் மண்டபத்து வாசலில் நிறுத்திவிட்டால் எல்லாமே முடிந்துவிடும் என்று பேராசை. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் மாறிக்கொண்டே இருந்தது. யாரோ மைக்கில், "இணைச்சீர் செய்யற பொண்ணு மேடைக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள். ரெண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அப்புறம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு ஏதோ பேசுகிற கரகர சத்தம். பங்காளி வீட்டில் ஒரு பெண்ணைப் பிடித்து உட்கார வைத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது.

அப்பா குனிந்தே இருந்தார். கெட்டி மேளம் கேட்டபோது மட்டும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

மறுநாள் சித்தப்பா தோட்டத்துக்கு வந்து ஈரப் பாத்திகளைப் பார்த்தார். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மாதான் நின்றிருந்தாள். அப்பா உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும்.

"தண்ணி கட்டிக் குடுத்தாராம்ங்க. ரொம்ப உபகாரம்ங்கன்னு சொல்லீருங்க."

கூடப் பிறந்தவனுக்கு உபகாரம். அப்பா கட்டிலில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அண்ணன் அதன்பிறகு என்னைத் திட்டவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதாவது தொலைத்திருப்பேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓட்டி வந்து, இறக்கிவிட்டு, "பாத்துப் போங்க" என்றான்.

போங்க.

ஆவணியில் அவன் பெண்டாட்டியோடு திருப்பூருக்குக் குடிபோய்விட்டான். பனியன் கம்பெனி வேலை. தீபாவளிக்கு வந்தான், வாசலில் நின்றுவிட்டுப் போனான். இப்போது முறை அதேபோலத்தான் நடக்கிறது, எங்களுக்கு ஒரு நாள், அவர்களுக்கு ஒரு நாள்.

போன மாதம் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நான் இன்னும் பார்க்கவில்லை.