வாகியெம் என்ற கனமான பெயர்

ஜாவாத் தீவின் சோலோ நகரத்தில் ஹர்தினி அம்மாள் வீட்டுச் சமையற்காரிக்கு ரீனா என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, ஹர்தினி அம்மாள் வைத்தது. சந்தை முறை வைத்து எண்ணும் ஐந்து நாட்களில் வாகே என்ற நாளில் பிறந்தவள் என்பதால் பெற்றவர்கள் வாகியெம் என்று வைத்திருந்தார்கள். அவள் ஊரான வொனொகிரியில் அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு வாகியெம் மேல்தான் விழும்.

பாவாடை கட்டத் தெரிந்த வயதில் வேலைக்கு வந்தவளிடம் அம்மாள் கேட்டாள்.

"பேரென்ன?"

"வாகியெம்ங்க."

"அய்யய்யோ! வந்தவங்க முன்னாடி இதை எப்படிடி கூப்பிடறது? காப்பி கேட்டா கழுநீர் வரும்னு நெனப்பாங்க. இன்னையிலேர்ந்து நீ ரீனா."

பெயர் மாற்றினால் சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பது ஊர் வழக்கம். சமையற்காரிக்கு எவள் கஞ்சி காய்ச்சப் போகிறாள்? கஞ்சி இல்லையென்றால் பெயர் மாறவில்லை என்றுதானே பொருள்! ரீனா என்பது சமையற்கட்டில் கட்டிக்கொள்ளும் துணி மாதிரி, என்றைக்காவது அவிழ்த்துவிடலாம் என்று அவள் நம்பினாள். இந்த வீட்டார் ஒரே ஒரு தடவையாவது தன் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. தலை நரைத்தது, ஆசை நரைக்கவில்லை.

இதற்குள் ஜகார்த்தாவில் பழைய பெயர்களுக்குத் திடீர் மவுசு வந்துவிட்டது. கிழவிகள் பெயரில் காப்பிக்கடைகள் திறந்தார்கள். கிழவிகள் உள்ளே போக முடியாத விலையில் காப்பி விற்றார்கள். அம்மாளின் மகள் லாரஸ் அங்கேயிருந்து பிள்ளை பெறத் தாய்வீடு வந்து, பிறந்த பெண்ணுக்கு வாகியெம் அவுரேலியா என்று பெயர் வைத்தாள்.

கடைசியில் உதட்டைப் பட்டென்று மூட வேண்டிய பெயர் அது. லாரஸ் அதை மிட்டாய்போல இழுத்தாள்.

"வாகியே…ம்! சரியா சொல்றேனா, ரீனாக்கா?"

"வாயை வெடுக்குனு மூடிடணும், சின்னம்மா."

"அப்படிச் சொன்னா பட்டிக்காடு மாதிரி இருக்கே!"

சமையற்காரிக்குத் துணிச்சல் வந்தது. "பெரியம்மா, என் பேரும் அதுதானுங்க. இனிமே என்னையும் அப்படியே கூப்பிடலாமுங்களே?"

அம்மாள் சிரித்தாள். "ஒரே வீட்ல ரெண்டு வாகியெமா? கொஞ்சறதுக்குக் கூப்பிட்டா நீ வந்து மடியில ஏறிக்குவியா?"

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்குப் போனது, மறுபடி வந்தது. ஒருநாள் வலிப்பும் கண்டது. டாக்டர் வேறு மருந்து எழுதினார். அம்மாளோ வேறு காரணம் கண்டுபிடித்தாள்.

"பேரு கனம்டீ. பச்சப்புள்ளையால தூக்க முடியல."

அதுவரை இதையெல்லாம் கேலி செய்த லாரஸும் தலையாட்டினாள். குழந்தை செலினா ஆயிற்று. கஞ்சி காய்ச்சியவள் வாகியெம்தான். பனைவெல்லத்தைக் கரைத்து ஒரு பானையைச் சிவக்க வைத்தாள், தேங்காய்ப்பால் ஊற்றி மற்றதை வெளுக்க வைத்தாள். தன் பெயர் காலியாகிவிட்டது என்ற நினைப்பில் கை வேகமாகவே கிண்டியது.

கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "இப்ப அந்தப் பேரு சும்மாத்தானே இருக்கு, பெரியம்மா…"

"சீ, வாயை மூடு! ஜுரம் புடிச்ச பேரு. புள்ள காதுல விழுந்தா திரும்ப ஒட்டிக்கும்."

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்களே."

"உன் உடம்பு எருமை உடம்பு. உனக்கென்ன?"

அந்த நேரம் பார்த்து வெளிக்கதவில் சமையற்காரியின் தம்பி பர்மின் வந்து நின்றான், தோளில் மரவள்ளி மூட்டையோடு. வருஷத்துக்கு ஒருமுறை வந்து வாசலோடு திரும்பிவிடுகிறவன். அவளை அந்தப் பெயரால் கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள்.

"வாகியெம் அக்கோவ்!"

லாரஸ் குழந்தையின் காதைப் பொத்தினாள். அம்மாள் எழுந்தே விட்டாள். "ரீனா! இன்னொரு தடவை அவன் வாயில அது வந்துச்சு, இந்தத் தெருவுலயே கால் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அவள் ஓடிப்போய்த் தம்பியின் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதடா. இங்க வந்தா ரீனான்னு கூப்பிடு."

"ரீனாவா? யாரு அது?"

"நான்தான்டா."

"என்னக்கா கூத்து இது! நம்ம அம்மா வச்ச பேரு என்னாச்சு?"

"இனிமே நீ வரணுமா, வேண்டாமா?"

பர்மின் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்தவன் செருப்பில் காலை நுழைப்பதுபோல முயன்றான். "ரின்னாக்கா."

"ரின்னா இல்ல. ரீ… இழுத்துச் சொல்லு."

சொன்னான். சரியாக வரவில்லை. வரும்வரை அவனை வாசலிலேயே நிறுத்திச் சொல்ல வைத்தாள்.